படத்துக்குள் இன்னொரு கறுப்பு-வெள்ளைப் படம்

(ஸ்டூடியோ கலைஞர்களும் டிடிபி வடிவமைப்பாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுக்க ஒரு ராணுவ அதிகாரி வந்தார். பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்தவர். சென்னை மாகாண அரசு தனக்கென்று வைத்துக்கொண்ட ஒளிப்படக்காரர். மெழுகேற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். அந்தக் காகிதத்தில் இருந்த வெள்ளி உப்பு நீல ஒளிக்கு மட்டும் சட்டென்று மசியும். மற்ற நிறங்களுக்கு மசியாது. கல்லில் செதுக்கிய நுணுக்கம் பதியும்வரை லென்ஸைத் திறந்து வைத்தால், அதற்குள் வானம் அளவு மீறிப் பதிந்துவிடும். அச்செடுத்துப் பார்த்தால் கோபுரத்துக்குப் பின்னால் வெறும் மொட்டை வெளிர் வானம்.

டிரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசினார். பூசிய இடத்தில் ஒளி குறைவாகக் கடந்தது, அச்சில் அந்த இடம் வெளுத்தது. அவருடைய படங்கள் சிலவற்றில் தெரியும் மேகங்கள் வானத்தில் இருந்தவை அல்ல, காகிதத்தில் பூசப்பட்டவை. மரங்களின் இலைக்கொத்துகளைக்கூட இப்படித் தொட்டுத் திருத்தியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் ஆவணத்தில் அக்கறை இல்லாதவர் அல்ல. அதே கோயிலின் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கியவரும் அவர்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டிரைப் கோயிலின் மேல் வண்ணம் பூசவில்லை, அச்சுத்தாளின் மேலும் பூசவில்லை. ஒளி வரும் வழியில் பூசினார். எங்கே எவ்வளவு ஒளி போகலாம் என்பதை அவர் கை முடிவு செய்தது. போட்டோஷாப் போன்ற மென்பொருளில் லேயர் மாஸ்க் செய்வதும் அதைத்தான். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்று: மாஸ்க் ஒரு கருவி இல்லை, அது ஒரு படம். மென்பொருளில் எந்த மெனுவுக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாஸ்க்கைப் படமாகப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

டிரைப் தனி ஆள் இல்லை. அதே காலத்தில், 1857-இல், சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒரே படமாக அச்சிட்டார். ஒவ்வொரு நெகட்டிவையும் அச்சிடும்போது தாளின் மற்ற பகுதிகளை மூடி வைக்க வேண்டும். அடுத்ததற்கு மூடிய இடத்தைத் திறந்து, அச்சானதை மூட வேண்டும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று வைத்துக்கொண்டார். பிறகு என்லார்ஜர் வந்தது. இருட்டறையில் வேலை பார்த்த பெரியவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகத்துக்கு வெளிச்சம் அதிகமாகிவிடாமல் கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஆட்டிக்கொண்டே இருப்பீர்களே, அந்த அட்டையும் மாஸ்க்தான். ஆட்டாமல் பிடித்தால் ஓரம் கோடு விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு அப்படியே கணினிக்கும் செல்லும்.

ஆப்செட் அச்சகத்தில் இருந்தவர்களுக்குச் சிவப்பு ஃபிலிம் நினைவிருக்கும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின் மேல் மெல்லிய சிவப்புப் படலம். வெளிச்ச மேசையில் வைத்து, பிளேடு நுனியால் மேல் படலத்தை மட்டும் கீறி, வேண்டிய வடிவத்தில் உரித்து எடுப்பார்கள். அடியில் இருக்கும் தாள் அறுபடக் கூடாது. அதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். லித் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. ஆகவே நம் கண்ணுக்கு ஊடுருவித் தெரிகிற சிவப்பு, அதற்குக் கறுப்பு. கீழே இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே மறைக்கலாம். போட்டோஷாப்பில் குயிக் மாஸ்க் போட்டால் மறைந்த இடம் சிவப்புப் படலமாகத் தெரிகிறதே, அது அந்த ஃபிலிமின் வாரிசு. இளைஞர்கள் அதை யாரோ வடிவமைப்பாளர் ரசித்துத் தேர்ந்தெடுத்த நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போட்டோஷாப்பே ஓர் இருட்டறை வீட்டில் பிறந்ததுதான். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்களின் தந்தை மிஷிகனில் பேராசிரியர்; வீட்டின் நிலவறையில் இருட்டறை வைத்திருந்தார். பிள்ளைகள் அங்கே அச்செடுத்துப் பழகியவர்கள். தாமஸ் 1987-இல் எழுதத் தொடங்கிய நிரல், 1990 பிப்ரவரியில் அடோபி வெளியீடாக வந்தது. ஆனால் அந்த முதல் பதிப்பில் லேயர் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டு வெளியே ஒரு கிளிக் செய்தால் முடிந்தது கதை, இரண்டும் ஒன்றாகிவிடும். லேயரும் அதற்கான மாஸ்க்கும் 1994-இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தன. 1996-இல் நான்காம் பதிப்பு அட்ஜஸ்ட்மென்ட் லேயரைக் கொண்டு வந்தது.

இதற்கெல்லாம் முன்பே கணக்கு தயாராக இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தவிர நான்காவதாக ஓர் எண் கொடுத்தார்கள். அந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் எண். அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அடுக்குகளைச் சேர்க்கும் விதிகளை ஒரு கட்டுரையாக எழுதி ஒழுங்குபடுத்தினார்கள். இந்த நான்கு பேருக்கும் 1996-இல் ஆஸ்கர் குழு தொழில்நுட்ப விருது கொடுத்தது. சினிமாவில் நீலத் திரைக்கு முன்னால் நடித்தவரை மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பார்ப்போம். பயம் வேண்டாம், பெருக்கலும் கூட்டலும்தான். எட்டு பிட் படத்தில் மாஸ்க்கின் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. 255 வெள்ளை: மேல் லேயர் முழுதாகத் தெரியும். 0 கறுப்பு: மேல் லேயர் முழுதாக மறைந்து கீழே இருப்பது தெரியும். இடைப்பட்டது சாம்பல். டிகாக்‌ஷனும் பாலும் கலக்கிற கதைதான். கோப்பை ஒன்றே, இதில் எத்தனை பங்கு, அதில் எத்தனை பங்கு என்பது மட்டும் மாறுகிறது. மேல் லேயரில் ஒரு பிக்சலின் மதிப்பு 200, கீழே 80 என்று வையுங்கள். மாஸ்க் 128. அதாவது பாதிக்கு ஒரு மயிரிழை அதிகம். 200-இல் பாதி, 80-இல் பாதி, கூட்டினால் ஏறக்குறைய 140. திரையில் தெரிவது அந்த 140. மேலே இருக்கும் 200-க்கும் கீழே இருக்கும் 80-க்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் கோப்பில் அப்படியே கிடக்கின்றன.

அழிப்பானுக்கும் மாஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். அழிப்பான் 200-ஐத் தூக்கி எறிந்துவிடும். மாஸ்க் அதன் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி வைக்கும். எண்ணை மாற்றினால் படம் மாறும்.

சரி, மாஸ்க் ஒரு படம் என்றேனே. அதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? லேயர் பேனலில் மாஸ்க்கின் சிறுபடத்தை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுங்கள். மேக் என்றால் ஆப்ஷன் விசை. வண்ணப்படம் போய், ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் முழுத்திரையில் வரும். நீங்கள் பிரஷ்ஷால் தடவிய ஒவ்வொரு தடவலும் அதில் இருக்கும். பல பேருக்கு முதல்முறை பார்க்கும்போது அதிர்ச்சியாக இருக்கும்: சுத்தமாக மறைத்துவிட்டோம் என்று நினைத்த பின்னணியில் கொசு அடித்த சுவர் மாதிரி வெள்ளைத் திட்டுகள், பாதி மறைந்த சாம்பல் தீவுகள். வண்ணப்படத்தில் அவை தெரியவில்லை, கண் ஏமாந்துவிட்டது. அச்சுக்குப் போனால், அதுவும் ஃப்ளெக்ஸ் போர்டாக இருபது அடிக்கு விரிந்தால், ஒவ்வொன்றும் வெளியே வரும்.

படம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், படத்துக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்குச் செய்யலாம். லெவல்ஸ் போடலாம், மங்கலாக்கலாம், தலைகீழாக்கலாம், வேறொரு படத்தை அதற்குள் ஒட்டலாம். வேறொரு படம் எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் நீங்கள் திருத்திக்கொண்டிருக்கிற படத்திலிருந்தேதான். இதை ஓர் உதாரணத்தோடு விரிவாகச் சொல்கிறேன். டிரைப் நின்ற இடத்துக்கே போவோம்.

பெரிய கோயில், மாலை மயங்கும் நேரம். விமானத்துக்கு மஞ்சள் விளக்கு போட்டுவிட்டார்கள். மேற்கு வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. இன்றைய சென்சார் அந்தக் காலத்துக் காகிதத்தைவிட எவ்வளவோ மேல் என்றாலும், கல்லின் நிழல் மடிப்பும் வானத்தின் நிறமும் ஒரே எக்ஸ்போஷரில் திருப்தியாக அகப்படாது. ஆகவே இரண்டு எடுக்கிறோம்: கல்லுக்கு ஒன்று, வானத்துக்கு அதைவிட இரண்டு மூன்று ஸ்டாப் குறைத்து இன்னொன்று. தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் கையிலேயே பிடித்து, கேமராவின் பிராக்கெட்டிங்கில் சடசடவென்று எடுத்துவிட்டு, கணினியில் ஆட்டோ அலைன் லேயர்ஸ் போட்டுப் பொருத்திக்கொள்வார்கள். பெரும்பாலும் பொருந்திவிடும்.

கீழே கல்லுக்கு எடுத்த படம். மேலே வானத்துக்கு எடுத்த படம், அதற்கு ஒரு மாஸ்க். இந்த இடத்தில் பலர் கிரேடியன்ட் கருவியை எடுத்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுப்பார்கள். கடற்கரைப் படத்துக்கு அது சரி. அங்கே அடிவானம் நேர்கோடு. இங்கே 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம் வானத்துக்குள் நுழைந்து நிற்கிறது. கிரேடியன்டுக்கு அது கல்லா வானமா என்று தெரியாது. விளைவு, சிகரமும் கலசமும் இருண்டுபோய், அடிப்பகுதி மட்டும் ஜொலிக்கும். இப்படி மேல்பாதி மட்டும் புகை படிந்த கோபுரப் படங்களைக் காலண்டர்களில் நிறையப் பார்க்கலாம்.

கிரேடியன்டை விடுங்கள். சேனல் பேனலைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். வானத்தில் நீலம் அதிகம். நீலச் சேனலில் அது வெளிச்சமாக இருக்கும். விமானத்தின் மேல் விழுவது மஞ்சள் வெளிச்சம். மஞ்சளில் நீலம் இல்லை, ஆகவே நீலச் சேனலில் கல் இருண்டு கிடக்கும். வானம் வெள்ளை, கோபுரம் கறுப்பு. நமக்கு வேண்டிய மாஸ்க் ஏற்கெனவே படத்துக்குள் இருக்கிறது! சிகரத்தின் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு பொம்மையின் தோளும், லென்ஸ் வரைந்த அதே துல்லியத்தில். கையால் வெட்டினால் நாள் கணக்கில் ஆகும் வேலை. அப்ளை இமேஜ் என்ற கட்டளையில் நீலச் சேனலைத் தேர்ந்தெடுத்தால் அது மாஸ்க்குக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சென்னைப் படை அதிகாரியைப் படுத்திவைத்த அந்த நீலம் நமக்கு வேலைக்காரனாகிவிட்டது.

வந்தது முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் அல்ல. வானம் வெளிர்சாம்பல், கல் கருஞ்சாம்பல். மாஸ்க்கின் மேல் லெவல்ஸ் போட்டு, வெள்ளை முனையை வானம் சுத்தமாகும்வரை இழுங்கள், கறுப்பு முனையைக் கல் கறுக்கும்வரை தள்ளுங்கள். இரண்டையும் நெருக்கிவிட ஆசை வரும். நெருக்காதீர்கள். கல்லுக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்குச் சாம்பல் இருந்தே ஆக வேண்டும். எந்த லென்ஸும் ஓரத்தைப் பிளேடால் வெட்டினதுபோல் பதிப்பதில்லை. அந்தச் சாம்பலைக் கொன்றால் கோபுரம் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும். அதிகமாக விட்டால் சுற்றிலும் ஒளிவட்டம் வரும். சாமி படத்துக்கு இருக்கலாம், கோயில் படத்துக்கு வேண்டாம். ஒளிவட்டம் வந்துவிட்டால் மாஸ்க்கைக் கால் பிக்சல், அரை பிக்சல் மங்கலாக்கி, லெவல்ஸின் நடு முனையை இடமோ வலமோ நகர்த்துங்கள். ஓரம் உள்ளே போகும், வெளியே வரும். சிறிது நேரம் ஆடிப் பார்த்தால் கை பழகிவிடும்.

கோபுரத்துக்குள் ஆங்காங்கே விளக்குகள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அவற்றைக் கறுப்புப் பிரஷ்ஷால் மூடிவிடலாம். ஓரத்தை ஒட்டிய சாம்பல் திட்டுகளுக்குப் பிரஷ்ஷின் மோடை ஓவர்லே ஆக்கிக்கொள்ளுங்கள். ஓவர்லேயில் கறுப்பு மை இருண்டதை மேலும் இருளாக்கும், சுத்த வெள்ளையைத் தொடாது. வெள்ளை மை வெளிச்சத்தை வெளுக்கும், சுத்தக் கறுப்பைத் தொடாது. ஓரம் தப்பித்துவிடும்.

படமே தன் மாஸ்க்கைத் தரும் என்ற யோசனை கணினிக்கு முந்தியது. நெகட்டிவிலிருந்தே கொஞ்சம் மங்கலான ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும் என்பதை 1930-களிலேயே கண்டிருந்தார்கள். போட்டோஷாப்பில் அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயரில் இருப்பது அதன் கணினி வடிவம். இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் லுமினாசிட்டி மாஸ்க் என்று பேசிக்கொள்வதும் இதே குடும்பம்தான்: வெளிச்சமான இடங்களை அவற்றின் வெளிச்சத்தைக் கொண்டே தேர்ந்தெடுப்பது. கன்ட்ரோல் விசையோடு ஆர்ஜிபி சேனலைக் கிளிக் செய்தால் போதும்.

இனி நம் அன்றாட வேலைக்கு வருவோம். கல்யாணப் பெண். சுருள் சுருளாக முடி, வெளிர் நிறச் சுவர். பின்னணி மாற்ற வேண்டும். மேலே சொன்ன வித்தை முடிக்கு அற்புதமாக வேலை செய்யும்; கறுப்பு முடிக்கும் வெளிர் சுவருக்கும் எந்தச் சேனலில் வித்தியாசம் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எடுத்த பயிற்சி வீடியோக்கள் இதோடு முடிந்துவிடும். நமக்கு முடியாது. நம் பெண் தலையில் மல்லிகைப்பூ இருக்கிறது. பூவும் வெள்ளை, சுவரும் வெள்ளை. சேனலுக்கு இரண்டும் ஒன்றுதான். லெவல்ஸை இறுக்க இறுக்கப் பூச்சரம் சுவரோடு போய்விடும். எஞ்சுவது பூ வைத்த இடத்தில் ஓட்டை விழுந்த கொண்டை. மாப்பிள்ளையின் வேட்டியும் இதே கதை. முடிக்குச் சேனல், பூவுக்குக் கை, தோளுக்கும் கைக்கும் பென் டூல் என்று ஒரே மாஸ்க்கைத் துண்டு துண்டாகக் கட்ட வேண்டும். ஒரே வழியில் முழு மாஸ்க்கையும் முடித்துவிட நினைப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

பிரஷ் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் எல்லா இடத்துக்கும் மெத்தென்ற பிரஷ்ஷையே எடுக்கிறார்கள். பாதுகாப்பு என்ற நினைப்பு. ஆள் முழுக்கப் பஞ்சு சுற்றியதுபோல் ஆகிவிடுகிறது. ஓரத்தின் இயல்பைப் பாருங்கள். சட்டைத் தோள் கூர்மையானது, அதற்குக் கெட்டியான பிரஷ். கன்னம் அதைவிடக் கொஞ்சம் இளக்கம். முடி நுனி வேறு. ஃபோகஸ் விலகிய முழங்கைக்கு நன்றாகவே மெத்தென்று இருக்கலாம். ஃப்ளோவை 10-க்குக் குறைத்து வைத்துப் பல தடவை தடவுவது, 100-இல் வைத்து ஒரே தடவையாகத் தடவுவதைவிட நல்லது; இருட்டறையில் அட்டையை ஆட்டிக்கொண்டிருந்ததற்குச் சமம். டி விசை கறுப்பு-வெள்ளையைக் கொண்டு வரும், எக்ஸ் விசை இரண்டையும் மாற்றிப் போடும்; இடது கை அந்த இரண்டு விசைகளை விட்டு நகரவே வேண்டாம். மாஸ்க்கில் பூசுவதாக நினைத்துப் படத்திலேயே கறுப்பைப் பூசுவது தினம் தினம் நடக்கிற விபத்து. எந்தச் சிறுபடத்தைச் சுற்றிச் சட்டம் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கும் மாஸ்க் தானாகவே வரும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கர்வ்ஸ் லேயர் ஒன்றைப் போட்டு, மாஸ்க்கை முழுக் கறுப்பாக்கி, முகத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷ் போட்டு நிறத்தை வெளுப்பாக்குகிற வேலை நம் ஸ்டூடியோக்களில் எவ்வளவு நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர் கேட்கிறார், என்ன செய்வது என்பீர்கள். கேட்காதவர்களுக்கும் செய்கிறோமே. பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி போட்ட கை அவளுடைய சொந்த நிறம். அந்த மாஸ்க்கைத் தனியே திறந்து பார்த்தால் கறுப்புக்கு நடுவே முகமளவு ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். எனக்கு அது அசிங்கமாகத் தெரிகிறது. கண்ணுக்குக் கீழே விழுந்த நிழலை எடுக்க, ஃப்ளாஷ் எட்டாத பக்கத்தைத் தூக்க இதே லேயரைப் பயன்படுத்துங்கள். முகத்தின் வடிவம் தெரியும்படி வெளிச்சத்தைத் திருத்தலாம், நிறத்தை மாற்ற வேண்டியதில்லை.

திருத்தலாமா என்ற கேள்வி வந்துவிட்டதால், செய்திப் படத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2003 மார்ச்சில் ஈராக்கின் பஸ்ராவில் எடுத்த ஒரு படம் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் கையசைத்துப் பொதுமக்களை எச்சரிக்கிறார். குழந்தையை ஏந்திய ஒருவர் அவர் முன்னால் நிற்கிறார். பிரையன் வால்ஸ்கி என்ற ஒளிப்படக்காரர் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களிலிருந்து, சிப்பாயின் கையசைவு ஒன்றில் நன்றாக இருக்கிறது, குழந்தையோடு இருப்பவர் இன்னொன்றில் நன்றாக இருக்கிறார் என்று இரண்டையும் இணைத்துவிட்டார். பின்னணியில் உட்கார்ந்திருந்த சிலர் இரண்டு முறை வந்திருந்ததால் குட்டு உடைந்தது. வேலை போயிற்று. இரண்டு படமும் உண்மை, சேர்த்தது உண்மையில்லை. 2015-இல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியின் இறுதிக்கு முந்தைய சுற்றில் ஐந்தில் ஒரு பங்குப் படங்கள் திருத்தம் காரணமாக நீக்கப்பட்டன. கேமராவின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். டிரைப்பின் மேகத்தை ரசிக்கிற நாம் வால்ஸ்கியை மன்னிப்பதில்லை. மேகம் தஞ்சாவூரைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லவில்லை, பஸ்ரா படம் ஒரு கணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களில் பத்திரிகைக்குப் படம் தருபவர்கள், கூட்டுப் படத்துக்கான மாஸ்க்கை அந்த வேலையில் திறக்கவே வேண்டாம்.

இளைஞர்கள் பொறுமை இழப்பது தெரிகிறது. இதெல்லாம் இப்போது தானாகவே வருகிறதே என்று கேட்கிறீர்கள். உண்மைதான். 2018-இல் செலக்ட் சப்ஜெக்ட் வந்தது, 2020-இல் வானத்தையே மாற்றிக் கொடுக்கும் வசதி வந்தது, 2021-இல் லைட்ரூமுக்குள்ளும் ஆளையும் வானத்தையும் தனியே பிரிக்கும் மாஸ்க் வந்தது. நான் எதிர்ப்பவன் இல்லை. முதல் கட்ட வேலைக்கு நானும் அதைத்தான் அழுத்துகிறேன். ஆனால் அந்தப் பொத்தான் கடைசியில் உங்களுக்குத் தருவது என்ன? அதே கறுப்பு-வெள்ளைப் படம். அதை ஆல்ட் கிளிக் செய்து பாருங்கள். எங்கே தடுமாறியிருக்கிறது என்பது சாம்பலில் எழுதியிருக்கும். விரல்களுக்கு நடுவே, மூக்குக் கண்ணாடிக் கம்பிக்குப் பின்னால், ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையில், அப்புறம் அந்த மல்லிகைச் சரத்தில். திருத்த வேண்டியது அங்கேதான். போட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் கிம்ப் வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், மாஸ்க்கின் கணக்கு அங்கேயும் இதுவேதான். லேயரின் கறுப்பு-வெள்ளை நகலையே மாஸ்க்காக எடுத்துக்கொள்ளும் வசதி அதில் மாஸ்க் சேர்க்கும் பெட்டியிலேயே இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் போட்டோஷாப்பைவிடச் சுலபம்.

கடைசியாக, கோப்பு. ஜேபெக்காகச் சேமித்தால் லேயரும் மாஸ்க்கும் போய்விடும். பிஎஸ்டி அல்லது டிஃப் ஆக வைத்திருந்தால் இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று புலம்புகிறீர்கள்; அடைப்பது படங்கள்தான். மாஸ்க்கில் பெரும்பகுதி ஒரே வெள்ளை, ஒரே கறுப்பு என்பதால் அது சுருங்கிச் சின்னதாகிவிடும். ஆல்பம் கொடுத்த மறுநாளே லேயர்கள் உள்ள ஓப்பன் ஃபைலை அழித்துவிடுகிற பழக்கம் பல ஸ்டூடியோக்களில் இருக்கிறது. ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலைக்கு அஞ்சிச் செய்கிறார்கள்.

மதுரைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு கல்யாணம். பந்தியிலோ சீர்வரிசையிலோ ஏதோ மனத்தாங்கல். பெண்ணின் சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆல்பம் தயாராகும் சமயத்தில் பெண்ணின் அப்பா வந்து, "தம்பி, குரூப் போட்டோவுல அவன் இருக்கக் கூடாது" என்றாராம். நண்பர் மண்டபத்துச் சுவரும் பூ அலங்காரமும் உள்ள இன்னொரு படத்தை அடியில் வைத்து, மேலே மாஸ்க் போட்டுச் சித்தப்பாவை மறைத்தார். ஓரத்தில் நின்றவர் என்பதால் எளிதாகப் போயிற்று. வருடம் சில ஓடி, பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. சித்தப்பா மடியில் வைத்துத்தான் குத்தியிருக்கிறார்கள். அடுத்த வாரமே அப்பா மறுபடியும் கடைக்கு வந்து, "அந்தப் படத்துல என் தம்பியத் திரும்பக் கொண்டுவர முடியுமாப்பா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம். நண்பர் பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்து, ஃபைலைத் திறந்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கை ஒரு கிளிக் செய்தார். சித்தப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார். அரை நிமிட வேலை. அதைப் பெண்ணின் அப்பாவுக்குக் காட்டாமல், "நாளைக்குச் சாயந்திரம் வாங்க சார், பெரிய வேலை" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் முழு ஆல்பத்துக்கும் சேர்த்துப் புது பில் போட்டிருக்கிறார்.